குன்மம் என்னும் சொல்லுக்குள்ளே

நாகர்கோவிலுக்குக் கிழக்கே, மருந்துவாழ் மலை கண்ணில் தென்படும் நாஞ்சில் நாட்டு வயல்வெளிகளைக் கடந்து மயிலாடி என்னும் ஊரை நெருங்குகிறவர்களை முதலில் எதிர்கொண்டு அழைப்பது உளியின் ஓசைதான். தலைமுறை தலைமுறையாகக் கல்லிலே தெய்வத் திருமேனிகளை வடித்துவரும் சிற்பிகளின் ஊர் அது. நல்ல சிற்பி கல்லைக் கண்டவுடன் செதுக்கத் தொடங்குவதில்லை. தட்டிப் பார்த்து, அது எழுப்பும் நாதத்தைக் காது கொடுத்துக் கேட்டு, ஆண் கல்லா பெண் கல்லா என்று நிதானித்து, புறத்தே தெரியாத பிளவு அகத்தே இருந்தால் அதையும் அந்த ஓசையினாலேயே அறிந்துகொண்ட பின்னர்தான் உளியை வைக்கிறார். உயிரில்லாத கல்லுக்கு அவர் காட்டும் அந்தப் பொறுமையை, வருஷக்கணக்காக வயிற்று நோயால் வாடும் உயிருள்ள மனிதருக்கு நாம் காட்டுகிறோமா என்று கேட்டால், ஆம் என்று சொல்ல நா எழவில்லை.

‘வயிறு சரியில்ல’ என்ற இரண்டே சொற்களுக்குள் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அடங்கிக் கிடக்கும் துன்பம் கொஞ்சமன்று. நாலு வாய் உண்டதுமே பொருமல், புளித்த ஏப்பம், நெஞ்சுக்குழியில் எரிச்சல், இடம் மாறி மாறி வரும் வலி, காலையில் மூன்று நான்கு முறை வெளிக்குப் போய் வந்தும் தீராத ஒரு குறை என்று அது பல உருவங்களில் வருகிறது. நோயாளி முதலில் மருந்துக் கடையில் கேஸ் மாத்திரை வாங்குகிறார். பிறகு டாக்டரிடம் போகிறார். இரத்தம் சோதிக்கிறார்கள், ஸ்கேன் எடுக்கிறார்கள், வாய் வழியே குழாய் விட்டு எண்டோஸ்கோப்பி செய்கிறார்கள். எல்லாம் நார்மல் என்று காகிதம் வருகிறது. காகிதத்தோடு வீட்டுக்கு வந்தால், ‘டாக்டரே ஒண்ணும் இல்லேன்னு சொல்லியாச்சு, பொறவு என்ன மக்கா, எல்லாம் ஒன் நெனப்புதான்’ என்று பாசத்தோடுதான் சொல்கிறார்கள். அந்தப் பாசமான வார்த்தை அவரை எவ்வளவு தூரம் தனிமையில் தள்ளிவிடுகிறது என்பதைச் சொன்னவர்கள் அறிவதில்லை. வலி இருக்கிறது, ஆனால் அது இருப்பதாக நம்புகிறவர் ஒருவருமில்லை. உடல் நோயோடு மன நோயும் கைகோத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நம் முன்னோர் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. நாள்பட்ட வயிற்று நோய்க்குச் சித்த வைத்தியம் வைத்த பெயர் குன்மம். வாத குன்மம், பித்த குன்மம், எரி குன்மம், வலி குன்மம், சத்தி குன்மம் என்று அதை எட்டு வகையாகப் பிரித்துரைக்கும் அந்த வைத்தியம், நோயாளியின் உடலையும் மனத்தையும் ஒருங்கே குன்றச் செய்வதால்தான் அதற்கு அப்பெயர் வந்தது என்று விளக்கம் கூறுகிறது. குன்றுதல் என்றால் குறைதல், ஒடுங்குதல், ஊக்கமிழத்தல். ஆக, இன்று ‘டிப்ரெஷன்’ என்று நாம் அந்நிய மொழியில் குறிப்பிடும் மனச்சோர்வு, நம்மவர் அந்த நோய்க்கு இட்ட பெயருக்குள்ளேயே குடியிருக்கிறது.

வைத்தியர்கள் மட்டுமா, பேச்சு வழக்கே அதைத்தானே சொல்கிறது? பயம் வந்தால் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. கெட்ட சேதி வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. அநியாயத்தைக் கண்டால் வயிறு எரிகிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குப் பெற்ற வயிறு பற்றி எரிகிறது. நல்ல வார்த்தை சொன்னவர் வயிற்றில் பால் வார்க்கிறார். பரம்பரை பரம்பரையாக ஒரு ஜனசமூகம் தன் சஞ்சலங்களையெல்லாம் வயிற்றில் வைத்தே பேசி வந்திருக்கிறது என்றால், அதைக் கவிகளின் அலங்காரம் என்று தள்ளிவிடுவதற்கில்லை. அது அனுபவத்தின் சாட்சியம்.

இந்தச் சாட்சியத்துக்கு நவீன வைத்தியம் வந்து சேர்ந்த கதையில் எங்கள் மாவட்டத்துக்கு ஒரு தனி இடம் உண்டு. அந்தக் கதையின் முதல் ஏடு மயிலாடியிலேயே எழுதப்பட்டது. இவ்வூரைச் சேர்ந்த வேதமாணிக்கம் என்பவரின் முயற்சியால், லண்டன் மிஷன் சங்கத்தின் பாதிரியாரான வில்லியம் டோபியாஸ் ரிங்கல்தௌபே என்னும் ஜெர்மானியர் 1806-இல் திருவிதாங்கூருக்குள் வந்தார். 1809-இல் மயிலாடியில் ஓர் ஆலயம் எழுந்தது. பத்து ஆண்டுகள் இங்கே உழைத்த அவர், தேகம் தளர்ந்து 1816-இல் இந்நாட்டை விட்டுப் போனார். அவர் போட்ட அஸ்திவாரத்தின் மேல் வளர்ந்த அதே மிஷன், 1838-இல் நாகர்கோவிலுக்கு மேற்கேயுள்ள நெய்யூரில் வைத்தியப் பணியைத் தொடங்கிற்று. நெய்யூர் ஆஸ்பத்திரி என்ற பெயர் தென் திருவிதாங்கூர் முழுவதும் பரவியதற்குப் பிற்காலத்தில் முக்கியக் காரணமாக அமைந்தது வயிற்றுப்புண் சிகிச்சை.

1922-இல் எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்ற ஆங்கிலேயக் குழுவில் ஹோவர்ட் சாமர்வெல் என்னும் ரண வைத்தியர் ஒருவர் இருந்தார். அந்த முயற்சி ஏழு பேரைப் பனிச்சரிவுக்குப் பலி கொடுத்து முடிந்த பின், இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டவர் நெய்யூருக்கும் வந்தார். வந்து குவிந்த நோயாளிகளின் கூட்டத்தையும், அவர்களைப் பார்க்கப் போதிய கைகள் இல்லாமையையும் கண்டு, லண்டனில் தமக்குக் காத்திருந்த எதிர்காலத்தைத் துறந்து, இந்த ஊரையே தம் வாழ்க்கையின் கர்மபூமியாக வரித்துக்கொண்டார். 1924-இல் மறுபடியும் எவரெஸ்டில் இருபத்தெட்டாயிரம் அடி வரை ஏறித் திரும்பிய அந்த மனிதர், பின்னர் கால் நூற்றாண்டுக் காலம் நெய்யூரில் நின்று நூற்றுக்கணக்கிலல்ல, ஆயிரக்கணக்கில் வயிற்றுச் சஸ்திர சிகிச்சைகளைச் செய்தார். இரைப்பை, முன்சிறுகுடல் ஆகியவற்றின் ரண சிகிச்சையைப் பற்றி அவர் எழுதி 1948-இல் வெளிவந்த நூலுக்கு ஆதாரமாய் நின்றவை எங்கள் ஜனங்களின் வயிறுகளே.

ஏன் இங்கே இவ்வளவு வயிற்றுப்புண் என்ற கேள்வி அன்றே எழுந்தது. திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் பரப்பிய மரச்சீனிக் கிழங்கு ஏழைகளின் பசியை ஆற்றியது உண்மை. ஆனால் அரிசிக்கு வழியற்றவர்கள் அதையும் காரமான மிளகாய்க் கூட்டையும் மட்டுமே உண்டு காலந்தள்ள நேர்ந்தபோது உடம்புக்கு வேண்டிய போஷாக்கு கிட்டவில்லை. குன்னூரில் உணவு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ராபர்ட் மெக்கரிசன், திருவிதாங்கூர் ஏழைகளின் ஆகாரத்தையே எலிகளுக்குக் கொடுத்து வளர்த்தபோது, அவற்றில் கால் பங்குக்கு மேற்பட்டவற்றின் வயிற்றில் புண் கண்டது. ஆகாரமே காரணம் என்றனர் ஒரு சாரார்.

இல்லை, மனமே காரணம் என்றனர் மற்றொரு சாரார். 1950-இல் சிகாகோவின் ஃபிரான்ஸ் அலெக்ஸாண்டர் வெளியிட்ட நூல், வயிற்றுப்புண்ணை உள்ளத்துப் போராட்டத்தால் விளையும் வியாதிகளுள் ஒன்றாக வைத்தது. கவலைப்படுகிறவனுக்கு அல்சர் வரும் என்ற வார்த்தை உலகெங்கும் பரவியது. பிறகு 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்னும் இருவர், ஹெலிகோபாக்டர் பைலோரி என்று இன்று வழங்கும் கிருமியை நோயாளிகளின் இரைப்பையிலிருந்து எடுத்து வளர்த்துக் காட்டினார்கள். நம்பாதவர்களை நம்பவைப்பதற்காக 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் நோபல் பரிசு இருவரையும் வந்தடைந்தது. ஒரு காலத்தில் பெரிதும் கத்தியை நம்பியிருந்த நோய், இரண்டு வார மாத்திரையால் தீரும் நோயாயிற்று. மனத்தின் மேல் சுமத்தப்பட்டிருந்த பழி ஒரேயடியாக நீங்கிவிட்டதாகப் பலரும் எண்ணினார்கள்.

ஆனால் சத்தியம் இவ்வளவு எளிதில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவதில்லை. நம் நாட்டில் வயது வந்தவர்களுள் பெரும்பாலோரின் இரைப்பையில் அந்தக் கிருமி வாசம் செய்கிறது. புண் உண்டாவதோ அவர்களுள் சிறு பகுதியினருக்குத்தான். மற்றவர்களை விட்டுவிட்டு இவர்களை மட்டும் அது தாக்குவானேன்? டென்மார்க்கில் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, கிருமி இருந்தாலும் இல்லாவிட்டாலும், வாழ்க்கையில் நெருக்கடி மிகுந்தவர்களுக்குப் புண் அதிகமாக வருகிறது என்று கண்டது. ஆகாரம், கிருமி, வலி மாத்திரை, மனநெருக்கடி ஆகிய ஒவ்வொன்றும் தன் பங்கைச் செலுத்துகிறது. ஒன்று மெய்யானால் மற்றவை பொய்யாகிவிடா. அதுமட்டுமன்று; புண்ணே இல்லாமல், சோதனையில் எந்தப் பழுதும் தென்படாமல், ஆனாலும் வலியும் பொருமலும் பேதியும் மலச்சிக்கலுமாக அவதிப்படுகிற பெருங்கூட்டம் ஒன்று எஞ்சி நிற்கிறது. முப்பத்து மூன்று நாடுகளில் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்களை விசாரித்து 2021-இல் வெளியிடப்பட்ட கணக்கின்படி, இணையத்தின் வழியே பதில் சொன்னவர்களில் பத்தில் நால்வருக்கு இப்படிப்பட்ட கோளாறு ஏதேனும் ஒன்று இருந்தது. இவற்றை இன்றைய வைத்திய சாஸ்திரம் குடலும் மூளையும் ஒன்றோடொன்று உறவாடுவதில் ஏற்படும் கோளாறுகள் என்று அழைக்கிறது.

அந்த உறவு கற்பனையன்று. 1822-இல் அமெரிக்காவில் துப்பாக்கிக் குண்டு பட்டு வயிற்றில் ஆறாத துவாரத்தோடு பிழைத்த அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின் என்பவரின் இரைப்பைக்குள் அந்தத் துவாரத்தின் வழியே வருஷக்கணக்காகப் பார்த்துவந்த ராணுவ வைத்தியர் வில்லியம் போமான்ட், கோபமும் பயமும் வரும்போது இரைப்பையின் உட்புறத் தோற்றமே மாறுவதையும் ஜீரணம் தடைப்படுவதையும் கண்ணாரக் கண்டு 1833-இல் எழுதி வைத்தார். நமது குடலின் சுவர்களில் பத்துக் கோடிக்கு மேற்பட்ட நரம்பணுக்கள் பின்னிக் கிடக்கின்றன. மூளையின் உத்தரவுக்குக் காத்திராமல் தாமாகவே குடலை இயக்க வல்லவை அவை. மூளையையும் வயிற்றையும் இணைக்கும் வேகஸ் என்னும் நீண்ட நரம்பில் ஓடும் இழைகளில் பெரும்பாலானவை, மூளையின் கட்டளையைக் கீழே கொண்டுவருபவை அல்ல. வயிற்றின் சேதியை மேலே கொண்டுசெல்பவை. மனநிலையோடு நெருங்கிய தொடர்புடைய செரட்டோனின் என்னும் ரசாயனத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உடம்பில் உற்பத்தியாவது குடலிலேதான். நெடுநாள் வலியிலும் பயத்திலும் இந்த நரம்புகளின் உணர்ச்சி கூர்மையடைந்துவிட்டால், மற்றவருக்குத் தெரியாமலே நடந்து முடிகிற சாதாரண ஜீரண அசைவுகூட இவருக்கு வலியாகிறது. ஸ்கேனில் அது தெரியாது. ஆனால் அந்த வலி, கை முறிந்தவரின் வலியைப் போலவே மெய்யான வலி.

எது முதல், எது பின் என்று கேட்பவர்களுக்கும் விடை உண்டு. ஆஸ்திரேலியாவில் சுமார் ஆயிரம் பேரைப் பன்னிரண்டு ஆண்டுகள் இடைவெளியில் ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். தொடக்கத்தில் வயிறு நன்றாயிருந்து மனக்கலக்கம் மட்டும் கொண்டிருந்தவர்களுக்குப் பிற்பாடு வயிற்றுக் கோளாறு அதிகமாக வந்தது. தொடக்கத்தில் மனம் தெளிவாயிருந்து வயிற்றுக் கோளாறு மட்டும் கொண்டிருந்தவர்களுக்குப் பிற்பாடு மனக்கலக்கமும் சோர்வும் அதிகமாக வந்தன. பாதை இருவழிப் பாதை. குடல் எரிச்சல் நோய் உடையவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரிடம் மனக்கலக்கத்தின் அறிகுறிகள் தென்படுகின்றன என்பதும், குடற்புண் அழற்சி நோய்களிலும் நிலைமை பெரிதும் அதுவே என்பதும் பல ஆராய்ச்சிகளின் தொகுப்புகள் காட்டும் உண்மை.

கணக்குகளைவிட, ஒரு வாழ்க்கை எப்படிச் சுருங்குகிறது என்பதைப் பார்த்தால்தான் விஷயத்தின் பாரம் விளங்கும். முதலில் எண்ணெய்ப் பலகாரத்தை விடுகிறார்கள். பின்பு புளியை, காரத்தை, பருப்பை, பாலை. கல்யாண வீட்டில் இலை போட்டு அவியலும் எரிசேரியும் பாயசமும் பரிமாறும்போது, ‘எனக்கு வேண்டாம்’ என்று எழுந்துபோக வெட்கப்பட்டு, அந்தக் கல்யாணத்துக்கே போகாமல் இருந்துவிடுகிறார்கள். வழியில் வயிறு கலக்கினால் என்ன செய்வது என்ற பயத்தால் திருநெல்வேலிக்குப் பஸ் ஏற மாட்டார்கள். ஏறினால் நிறுத்தங்களில் கழிப்பிடம் எங்கே என்று கண் தேடிக்கொண்டேயிருக்கும். பெண்களின் நிலை இன்னும் கஷ்டமானது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுத் தாம் கடைசியில் உண்பவர்கள், உண்ணாவிட்டால் யாரும் கவனிக்கமாட்டார்கள். இரவில் ஆரம்பிக்கிறது அடுத்த விசாரம்: இது கான்சராக இருக்குமோ? டாக்டர் எதையோ மறைக்கிறாரோ? உறக்கம் கெடுகிறது, உறக்கம் கெட்டதால் மறுநாள் வயிறு கெடுகிறது. வேலையில் பிடிப்புப் போகிறது, பேச்சுக் குறைகிறது, ‘இருந்து என்ன பிரயோஜனம்’ என்ற வார்த்தை ஒருநாள் மெல்ல வாய்க்கு வருகிறது.

அந்த வார்த்தையை அலட்சியம் செய்யக்கூடாது. ‘தீராத வயிற்று வலியால் விரக்தியடைந்து’ என்று தொடங்கும் சிறு செய்தியைத் தமிழ்ப் பத்திரிகைகளின் மாவட்டப் பக்கங்களில் எத்தனை முறை வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருக்கிறோம்! தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கை, நாட்டில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு மேல் நோயைக் காரணமாகக் கொண்டவர்கள் என்கிறது. குடும்பப் பிரச்சினைக்கு அடுத்த பெருங்காரணம் அதுவே. அவர்களைக் கொண்டுபோனது வயிற்று வலி மட்டுமன்று என்றே நான் நினைக்கிறேன். அதனோடு கூடி வளர்ந்தும் யாரும் பெயர் சொல்லிக் கேட்காத மனச்சோர்வும் அதில் பங்குகொண்டிருக்கும். அதைக் காலத்தே கேட்டிருந்தால் பலர் இன்று நம்மோடு இருந்திருக்கக்கூடும்.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? முதலாவது, உடம்பை முறையாகச் சோதித்துக்கொள்வது. காரணமின்றி எடை குறைதல், கறுத்த மலம் அல்லது மலத்தில் இரத்தம், விழுங்குவதில் தடை, ஓயாத வாந்தி, இரத்த சோகை, உறக்கத்திலிருந்து எழுப்பும் வலி, நடுவயதுக்குப் பின் புதிதாகத் தோன்றும் கோளாறு ஆகியவை இருந்தால் மனத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது பெருந்தவறு. கிருமி இருந்தால் அதற்குரிய மருந்தை முழுக் காலமும் உட்கொள்ள வேண்டும். சோதனைகளில் ஒன்றும் காணவில்லை என்றால், ‘நோய் இல்லை’ என்று அதற்கு அர்த்தமல்ல, ‘ஆபத்தான நோய் இல்லை, இருக்கிற நோய்க்கு வேறு விதமான சிகிச்சை உண்டு’ என்பதே அதன் அர்த்தம். இந்த ஒரு வாக்கியத்தை டாக்டர் உட்கார்ந்து சொல்லிவிட்டாரானால், பாதி பயம் அங்கேயே கரையும்.

அந்தச் சிகிச்சைகள் கைக்கெட்டாதவை அல்ல. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவில் சிறு பங்காக அமிட்ரிப்டிலின் என்னும் பழைய, விலை மலிந்த மாத்திரையைக் கொடுத்தால் குடல் எரிச்சல் நோய் தணிகிறது என்பதைப் பிரிட்டனில் நடந்து 2023-இல் வெளியான ஒரு பெரிய பரிசோதனை நிலைநாட்டிற்று. ‘எனக்குப் பைத்திய மாத்திரை கொடுத்துவிட்டார்’ என்று அதை வீசியெறிகிறவர்கள், அது குடலிலிருந்து மூளைக்குப் போகும் வலியின் பாதையைச் சாந்தப்படுத்துவதற்காகவே கொடுக்கப்படுகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். டாக்டரைக் கேளாமல் தாமே தொடங்கவோ நிறுத்தவோ கூடாது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். பயத்தையும் உடலுணர்ச்சியையும் வேறு பிரித்துப் பார்க்கக் கற்பிக்கும் உளவியல் சிகிச்சையும், நிதானமான மூச்சுப் பயிற்சியும், நேரம் தவறாத ஆகாரமும் உறக்கமும் நடையும் பலன் தருகின்றன. ஆசாரிப்பள்ளத்திலுள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் வயிற்று வைத்தியரும் மனநல வைத்தியரும் ஒரே வளாகத்தில் கிடைக்கிறார்கள். வீட்டை விட்டு நகர முடியாதவர்கள், 2022 அக்டோபர் மாதம் மத்திய அரசு ஏற்படுத்திய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டின் 104 என்ற எண்ணும் உண்டு.

வைத்தியர்களாலும் மருந்துகளாலும் மட்டும் முடியாத ஒன்று இருக்கிறது. அது வீட்டார் கையில் உள்ளது. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசர் சூலை நோயால் வருந்திய வரலாற்றைச் சேக்கிழார் சொல்லியிருக்கிறார். அவர் வீட்டைப் பிரிந்து சமணரோடு சேர்ந்திருந்த காலம் அது. உடனிருந்தவர்கள் தமக்குத் தெரிந்த சிகிச்சைகளையெல்லாம் செய்து பார்த்துக் கைவிட்டுவிட்ட பின், குடலைப் புரட்டும் வேதனையோடு அந்த மனிதர் நினைத்தது தம் தமக்கையாரைத்தான். இரவோடிரவாகத் திருவதிகைக்கு வந்து காலில் விழுந்த தம்பியைத் திலகவதியார் என்ன கேட்டார்? எங்களை விட்டுப் போனாயே என்று கேட்கவில்லை. இது உண்மையான வலியா என்றும் கேட்கவில்லை. எழுந்திருக்கச் சொல்லித் திருநீறு கொடுத்துக் கூடவே அழைத்துக்கொண்டு நடந்தார். பக்தர்கள் அதில் இறைவன் திருவருளைக் காண்பார்கள். அதற்கு முன்னதாக அங்கே நிகழ்ந்த ஒரு மானிட காரியத்தையும் நான் காண்கிறேன். வலிக்கிறது என்று வந்தவரை, வலிக்கிறது என்று சொன்னதாலேயே நம்பினாள் ஒருத்தி.

நம் வீடுகளிலும் அப்படி ஒருவர் போதும். சோற்றைப் பாதியில் மூடிவைக்கிற மகனிடமும், கடைசியில் உட்கார்ந்து உண்ணாமலே எழுந்துவிடுகிற மருமகளிடமும், வயிறு எப்படி இருக்கு என்று கேட்டு, பதில் வந்த பிறகு, மனசு எப்படி இருக்கு என்றும் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்விக்குப் பதில் உடனே வராது. வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.